வைரஸ் காய்ச்சலில் ரத்த அறிக்கையை வாசிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் புரதமான சிஆர்பி 85 என்று ஒரு அறிக்கை கைக்கு வருகிறது. இது ஆபத்தா, இல்லையா? காய்ச்சல் தொடங்கி இன்று எத்தனையாவது நாள், நேற்று இந்த எண் எவ்வளவு இருந்தது, நடுவில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற மூன்றும் தெரியாமல் எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் அளவீடுகள் மணிக்கு மணி மாறுபவை. தாளில் இருப்பது ஒரு கணத்தின் படம் மட்டுமே.

வார்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள், லேப் பயிற்சியில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அறிக்கையைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர் அவரிடம் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பார்.

முதல் படி: நாளை எண்ணுங்கள்

முதல் அறிகுறி தெரிந்த நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த நாளையோ, பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த நாளையோ வைத்து எண்ணக் கூடாது. ஒவ்வொரு அறிக்கையின் மூலையிலும் 'நாள் 4', 'நாள் 7' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். எந்த லேப் இயந்திரமும் அச்சிட்டுத் தராத தகவல் இது.

ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. கோவிட்டில் நிலை மோசமாகிறவர்களுக்குப் பெரும்பாலும் 7 முதல் 10ஆம் நாளுக்குள் அது நடக்கிறது. அதற்குள் வைரஸின் அளவு குறையத் தொடங்கியிருக்கும், நுரையீரலைப் பாதிப்பது உடலின் அழற்சியாக இருக்கும். டெங்குவில் நெருக்கடிக் கட்டம் வருவது காய்ச்சல் இறங்கும்போது, அதாவது 3 முதல் 7ஆம் நாளுக்குள். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். ஃப்ளூவில், சற்றுத் தேறியவருக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறினால், பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டதா என்று பார்க்க வேண்டும். ஆகவே இரண்டாம் நாளில் எடுத்த நல்ல அறிக்கை கோவிட்டில் பெரிய ஆறுதல் இல்லை. டெங்குவில் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைவது அதைவிடப் பெரிய தவறு.

இரண்டாம் படி: குழாயையும் மருந்தையும் விசாரியுங்கள்

எண்ணை நம்பும் முன் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். தவறுகள் அதிகம் நுழைவது இங்கேதான்.

தட்டணுக்கள் (பிளேட்லெட்) எதிர்பாராமல் மிகக் குறைவாக வந்தால், ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏ என்ற பொருளால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டனவா என்று கேளுங்கள். ஸ்லைடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மையான கணக்கு கிடைக்கும். குழாயில் ஏற்கெனவே இருக்கும் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால்தான் இந்தப் பெருக்கல்.

ரத்த உறைவு கரையும்போது வரும் துணுக்கான டி-டைமருக்கும் நீல மூடிக் குழாய்தான். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. 0.3 மி.லி. திரவம் உள்ள குழாயில் 2.7 மி.லி. ரத்தம் கோடு வரை நிரம்ப வேண்டும். பாதிக் குழாயில் வந்த முடிவை வைத்துக் கவலைப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அணுக்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதியான எல்டிஹெச் மட்டும் தனியாக ஏறியிருந்தால், மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்தனவா என்று பாருங்கள். அந்த அணுக்களுக்குள் எல்டிஹெச் நிறைய இருக்கிறது. ஊசியைக் குத்திச் சிரமப்பட்டு இழுத்த ரத்தத்தில் இது அடிக்கடி நடக்கும்.

மருந்துகளில் மூன்றைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் போன்றவை உள்ளே போன சில மணி நேரத்திலேயே வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை கூடும், லிம்போசைட் என்ற வகை குறையும். நோய் முற்றியதைப் போலவே அறிக்கை தோன்றும். ஸ்டீராய்டு தொடங்கும் முன் எடுத்த ரத்தமே ஒப்பிடுவதற்கான அடிப்படை.

இரண்டாவது, அழற்சியை அடக்கும் ஊசி மருந்தான டோசிலிசுமாப். அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-6 சென்று ஒட்டும் ஏற்பியை இது அடைத்துவிடுகிறது. கல்லீரல் சிஆர்பியைத் தயாரிப்பது அந்த இன்டர்லூக்கினின் கட்டளைப்படி என்பதால், ஊசி போட்ட பின் சிஆர்பி தரையைத் தொடும். ஒட்ட இடமில்லாத இன்டர்லூக்கின்-6 ரத்தத்திலேயே தேங்கி அளவு கூடும். ஒன்று இறங்குவதைக் குணம் என்றும் மற்றது ஏறுவதைச் சீர்கேடு என்றும் வாசித்தால் இரண்டுமே தவறு. இதைவிட முக்கியமானது, அடுத்த சில வாரங்களில் பாக்டீரியா தொற்று வந்தாலும் சிஆர்பி அதைக் காட்டிக் கொடுக்காது.

மூன்றாவது, முடிக்கும் நகத்துக்கும் என்று பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை. பயோட்டினை ஒட்டுப் பொருளாகப் பயன்படுத்தும் பரிசோதனைக் கருவிகளில் அது குறுக்கிட்டு, சில அளவுகளைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நோயாளிகள் இதை மருந்தென்றே நினைப்பதில்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: லிம்போசைட்டைச் சதவீதமாக அல்ல, எண்ணாகப் பாருங்கள்

முழு ரத்த அணுக் கணக்கு மலிவான பரிசோதனை, எங்கும் கிடைக்கும். அதில் பலர் பார்க்காமல் விடும் வரி லிம்போசைட்டுடையது. அறிக்கையில் சதவீதம் மட்டும் இருந்தால் நீங்களே கணக்கிடலாம். மொத்த வெள்ளை அணுக்கள் 4,200, லிம்போசைட் 14% என்றால், 4,200 × 14 ÷ 100 = 588. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 முதல் 4,000 வரை இருப்பது வழக்கம். 588 என்பது நன்றாகவே குறைவு. மொத்தம் 11,000 இருப்பவருக்கும் இதே 14% வந்தால் 1,540, அதாவது இயல்பு. சதவீதம் ஒன்றுதான், பொருள் வேறு. சிறு குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்போசைட் அதிகம் என்பதால் பெரியவர்களின் அளவுகோலை அவர்களுக்கு வைக்கக் கூடாது.

கோவிட்டில் நோய் கடுமையாகும்போது இந்த எண் சரியும். தேறுகிறவர்களில் மெல்ல ஏறத் தொடங்கும். நியூட்ரோஃபில் எண்ணை லிம்போசைட் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தையும் பார்ப்பார்கள். ஆரோக்கியமானவருக்கு அது ஏறக்குறைய 1 முதல் 3 வரை. நோய் தீவிரமாகும்போது கூடும். ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் இந்த விகிதத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் படி: சிஆர்பியின் அலகும் போக்கும்

முதலில் அலகு. சில லேப்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும் அச்சிடும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஓரிடத்தில் 8.5, இன்னோரிடத்தில் 85 என்று வந்து வீடே கலங்கிப்போகும். உண்மையில் இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். லிட்டர் கணக்கில் இயல்பின் மேல் எல்லை பெரும்பாலும் 5 அல்லது 10.

அடுத்து நேரம். அழற்சி தொடங்கி 6 முதல் 8 மணி நேரம் கழித்தே சிஆர்பி ஏறத் தொடங்கும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு நாள். அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். தூண்டுதல் முழுதாக நின்றுவிட்டால் ஒரு நாளில் பாதிக்கும் கீழே வரும். 160 இருந்தவருக்கு மறுநாள் 140 என்றால் தீ இன்னும் அணையவில்லை. 80 என்றால் அணைந்துகொண்டிருக்கிறது. ஒரே நாளில் இரண்டு முறை எடுப்பதால் கூடுதலாக ஒன்றும் தெரியாது, செலவுதான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு நோயில்லாத நாளிலும் சற்றுக் கூடுதலாக இருக்கும். கல்லீரல் கடுமையாகப் பழுதானவர்களுக்குத் தேவையான அளவு ஏறாமலும் போகலாம்.

சிஆர்பி சிகிச்சை முடிவில் நேரடியாக இடம்பெற்றதற்கு நல்ல உதாரணம், கோவிட் மருந்துகளைச் சோதிக்கப் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு. டோசிலிசுமாப் கொடுத்துப் பார்க்க அவர்கள் வைத்த நிபந்தனை இரண்டு: ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் அல்லது ஆக்சிஜன் செலுத்தப்பட வேண்டும், அதோடு சிஆர்பி 75 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எண் மட்டும் போதாது, மூச்சும் சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதே ஆய்வில் 2020இல் தெரிந்த முடிவு: நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. சிஆர்பி கூடியிருக்கிறது என்பதற்காக வீட்டில் நன்றாக மூச்சு விடும் ஒருவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது தவறு என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஃபெரிட்டின், டி-டைமர், இன்டர்லூக்கின்-6

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம். அழற்சியிலும் ஏறும், கல்லீரல் நோயிலும் ஏறும். ஏறிய பின் மெதுவாகவே இறங்குவதால், தேறிவரும் ஒருவரின் ஃபெரிட்டினைத் தினமும் துரத்துவதில் பயனில்லை. சில நூறுகளில் இருந்தால் தனியாக அதற்குப் பெரிய பொருள் இல்லை. பல ஆயிரங்களில் வந்து, காய்ச்சலும் விடாமல், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என எல்லாமே சரிந்து, மண்ணீரலும் பெரிதாகியிருந்தால் நிலைமை வேறு. நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறி உடலின் சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் நிலையாக இருக்கலாம். அப்போது ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறும், ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் இறங்கும். ஃபைப்ரினோஜன் குறைவதால், சிவப்பணுக்கள் படியும் வேகமான இஎஸ்ஆரும் இறங்கிவிடும். காய்ச்சல் கொதிக்கும்போது இஎஸ்ஆர் குறைவது நல்ல செய்தி போலத் தோன்றும். அது எச்சரிக்கை. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

டி-டைமரில் அலகுக் குழப்பம் சிஆர்பியைவிட மோசம். எஃப்இயு (FEU), டிடியு (DDU) என்று இரண்டு வகை அலகு உண்டு. முதலாவது இரண்டாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பரவலான எல்லை மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் எஃப்இயு, அதாவது 0.5 மைக்ரோகிராம். எந்த வகை என்று அறிக்கையில் இல்லாவிட்டால் லேப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதுமை, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, அடிபட்ட காயம் எல்லாமே இதை உயர்த்தும். வூஹானில் 191 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவமனையில் சேரும்போது டி-டைமர் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. அங்கிருந்து இந்தப் பரிசோதனை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அவர்கள் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோயுற்றவர்கள். வீட்டில் லேசான காய்ச்சலோடு இருப்பவருக்கு அந்த எல்லையைப் பொருத்த முடியாது.

இன்டர்லூக்கின்-6 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரத்தத்தைச் சீக்கிரம் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் எண் கெட்டுவிடும். லேபுக்கு லேப், கருவிக்குக் கருவி மாறும். அது சொல்வதில் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் சிஆர்பியே சொல்லிவிடும்.

டெங்குவுக்குத் தனிக் கணக்கு

மேலே சொன்னவற்றை அப்படியே டெங்குவுக்குப் பயன்படுத்தினால் ஏமாந்துபோவீர்கள். இங்கே உயிரைப் பறிப்பது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது. அதைக் காட்டும் எண் ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது. நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டிப்படும், எண் ஏறும். முதல் மூன்று நாட்களுக்குள் ஒரு முறை எடுத்து வைத்தால் அதுவே அந்த நோயாளியின் அடிப்படை. 38 இருந்தவருக்கு 20% ஏற்றம் என்றால் 45.6. அடிப்படை தெரியாதவருக்கு 45 என்பது இயல்பாகத் தோன்றும்.

தட்டணு எண்ணுக்கே எல்லோரும் பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த எச்சரிக்கை அறிகுறிகளில், தட்டணு வேகமாகச் சரிவதோடு ஹீமட்டோக்ரிட்டும் ஏறுவது ஒன்று. இரண்டும் சேர்ந்து வர வேண்டும். மற்றவை ரத்தப் பரிசோதனையில் தெரியாதவை: கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மந்தம் அல்லது அமைதியின்மை, கல்லீரல் வீக்கம், வயிற்றிலோ நுரையீரலைச் சுற்றியோ நீர் சேர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

ஒரு பொறி: நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் ஹீமட்டோக்ரிட் இறங்கும். நோயாளி தெளிவாக இருந்து, சிறுநீரும் நன்றாகப் போனால் அது நல்லது. நாடி வேகமாகி, கை கால் குளிர்ந்து, அதே நேரத்தில் எண்ணும் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது.

டெங்குவில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே சொல்லும் நோயெதிர்ப்பு அடையாளமும் உண்டு, விசித்திரமான ஒன்று. நிகராகுவாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு, பழைய தொற்றால் உருவான ஆன்டிபாடி நிறைய இருந்தால் காப்பாற்றுகிறது, 1:21 முதல் 1:80 வரையிலான நடுத்தர அளவில் (ரத்த மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற கணக்கு) இருந்தால் கடும் டெங்குவின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று காட்டியது. போதாத ஆன்டிபாடி வைரஸைக் கொல்லாமல், அது அணுக்களுக்குள் நுழைய வழிசெய்து கொடுத்துவிடுகிறது.

ஆறாம் படி: எண்ணை ஆளோடு சேர்த்துப் பாருங்கள்

அடையாளங்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை அறிய, மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளியின் இறப்பு வாய்ப்பைக் கணிக்க 2020இல் உருவான 4சி மதிப்பெண் முறையைப் பாருங்கள். எட்டுக் காரணிகள், மொத்தம் 21 மதிப்பெண். 80 வயதைத் தாண்டியவருக்கு வயதுக்கு மட்டுமே 7. சிஆர்பி 50 முதல் 99 வரை என்றால் 1, 100க்கு மேல் எவ்வளவு போனாலும் 2. மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் என்றால் 2. ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 2. ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவதும் சிஆர்பி பரிசோதனையும் இங்கே சம மதிப்பெண் பெறுகின்றன. மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், எண்ணும்போது விட்டுப்போன ஒரு மூச்சு நான்காகிவிடும்.

இளமையும் நல்ல ஆரோக்கியமும் இருந்தும் சிலர் ஏன் திடீரென்று சாய்ந்தார்கள் என்பதற்கு ஒரு பகுதி விடையும் 2020இல் கிடைத்தது. உயிருக்குப் போராடிய 987 கோவிட் நோயாளிகளில் 101 பேரின் ரத்தத்தில், வைரஸை எதிர்க்கும் முதல் அரணான டைப் 1 இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. லேசான தொற்றோ அறிகுறியற்ற தொற்றோ வந்த 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தொற்றுக்கு முன்பே இருந்து ஆபத்தைக் கூட்டும் அடையாளம் இது. வயது ஏற ஏறக் கூடுதலானவர்களிடம் காணப்படுகிறது. சாதாரண லேப்களில் இதைச் செய்வதில்லை. காரணமே தெரியாமல் ஒருவருக்கு வைரஸ் நோய்கள் மீண்டும் மீண்டும் கடுமையாக வந்தால் நோயெதிர்ப்பு நிபுணரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

ஏழாம் படி: நோய்க்குப் பின் நீடிக்கும் தொல்லைகள்

இந்த இடத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வில் குழுவுக்குக் குழு வேறுபடும் ஓர் அடையாளம் தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லிவிடாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் இதற்குச் சரியான பாடம். ஒரு கோடி அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வந்த முடிவு, இந்த வைரஸ் தொற்றியபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்றது. அவ்வளவு வலுவான தொடர்பு. ஆனால் பெரியவர்களில் 95 சதவீதம் பேருக்கு இந்த வைரஸின் ஆன்டிபாடி இருக்கிறது, அவர்களில் மிகமிகச் சிலருக்கே அந்த நோய் வருகிறது. பாசிட்டிவ் என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் எதையும் சொல்ல முடியாது.

நீடித்த கோவிட்டுக்கும் இதே நிலைதான். மருத்துவமனையில் சேர்ந்த 1,837 பேரைத் தொடர்ந்து பிரிட்டனில் 2023இல் வெளியான ஆய்வில், நோயின்போது சிஆர்பியோடு ஒப்பிடும்போது ஃபைப்ரினோஜனோ டி-டைமரோ கூடுதலாக இருந்தவர்களுக்கு மாதங்கள் கழித்தும் மறதியும் சிந்தனைத் தடுமாற்றமும் அதிகம் இருந்தன. இன்னொரு ஆய்வு கார்டிசால் என்ற ஹார்மோனின் குறைவைச் சுட்டியது. மற்றொன்று, எட்டு மாதமாகியும் அடங்காத இன்டர்ஃபெரானைக் காட்டியது. வழிகள் தெரிகின்றன. ஒருவருக்கு நீடித்த கோவிட் இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் வரவில்லை.

எனவே நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். நோய் தொடங்கி மூன்று மாதம் கழித்தும் களைப்பு, மூச்சுத் திணறல், மனத்தெளிவின்மை போன்றவை தொடர்ந்து, குறைந்தது இரண்டு மாதமாக இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை பொருந்தும். 'வேறு காரணம் இல்லை' என்பதை உறுதி செய்யத்தான் ரத்தப் பரிசோதனை: அணுக் கணக்கு, சிஆர்பி, ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12, கல்லீரல், சிறுநீரகம். ரத்தசோகையோ தைராய்டு குறைவோ கிடைத்தால் அதற்கு மருந்து இருக்கிறது. எல்லாம் இயல்பு என்று வந்தால், நோயாளி நடிக்கிறார் என்று பொருளல்ல. இந்த ஒரு தவறான வாசிப்பால் வீடுகளில் ஏராளமானோர் அவமானப்படுகிறார்கள்.

எழுந்து நின்றால் படபடப்பும் தலைசுற்றலும் வருகிறவருக்கு, ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. பத்து நிமிடம் படுக்க வைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து சுமார் 15 செ.மீ. தள்ளி இருக்க, தோள்களைச் சுவரில் சாய்த்து அசையாமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் எழுதுங்கள். அழுத்தம் பெரிதாக இறங்காமல் நாடி மட்டும் 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40) அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். அருகில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மயக்கம் வருவது போலிருந்தால் உடனே படுக்க வையுங்கள். சிறு உழைப்புக்கே மறுநாளோ அதற்கடுத்த நாளோ சுருண்டுவிடுகிறவர் என்றால், இந்தச் சோதனைக்குப் பின் இரண்டு நாள் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.